காலி நிலமாம்!

வீடு விற்பனைத் தாள் ஒன்று நம் மேசைக்கு வந்து சேர்ந்தது. வழவழப்பான தாள், கண்ணைப் பறிக்கும் வண்ணம். இரட்டை மாடி வீடுகள், நீலநிறக் குளம், சைக்கிள் ஓட்டப் பழகும் பிள்ளை, பின்னால் நின்று சிரிக்கும் தகப்பன். எல்லாம் அழகுதான். ஓரத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி: முன்னாள் ரப்பர் தோட்டம், காலி நிலத்தில் எழும் கனவு நகரம்.

கனவு காண்பவர் காணட்டும். நம் நெஞ்சில் முள்ளாய்த் தைப்பது நடுவில் கிடக்கும் அந்த இரண்டு சொற்கள். காலி நிலமாம்!

எது காலியாக இருந்தது? இருட்டோடு எழுந்து ஆண்களும் பெண்களும் பெயர் கொடுத்து நின்ற பெரட்டுக் களமா? நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, உளியும் வாளியுமாக நிரைக்குள் நுழைந்தவர்கள் நடந்து நடந்து தேய்ந்த ஒற்றையடிப் பாதையா? கொட்டகையில் கிராணி பாலை நிறுத்துக் கணக்கெழுதிய மேசையா? பால்குடி மறக்காத பிள்ளைகளை விட்டுச் சென்ற ஆயாக்கொட்டகையா? மாரியம்மன் கோயில் இருந்தது. தமிழ்ப் பள்ளி இருந்தது. பந்து விளையாடும் திடல் இருந்தது. கள்ளுக்கடையும் இருந்தது, அது போனதற்காக நாம் ஒரு சொட்டுக் கண்ணீரும் விடப்போவதில்லை. இடுகாடு இருந்தது. அதிலே நம் பாட்டனும் பாட்டியும் கிடந்தார்கள். இத்தனையும் இருந்த இடத்துக்குத்தான் காலி நிலம் என்று பெயர் வைக்கிறார்கள்.

நகரம் வளர்கிறது, உலகச் சந்தை மாறுகிறது, கட்டடக் கலை மாறுகிறது, காலத்தோடு நீங்களும் போக வேண்டியதுதானே என்று நம்மிடம் கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்குப் பதில் சொல்வதற்கு முன், அந்த வளர்ச்சியின் கதையையே ஒருமுறை திருப்பிப் பார்ப்போம்.

கோம்பாக் ஆறும் கிள்ளான் ஆறும் கூடுகிற சேற்றுக் கரையில் 1857இல் ஈயம் தோண்ட வந்தவர்கள் இறங்கிய இடமே கோலாலம்பூர். அத்தாப்புக் குடிசைகளும் மரக் கடைகளும்தான் அன்றைய ஊர். 1881இல் தீ வந்து எரித்தது. அதே ஆண்டில் வெள்ளமும் வந்து அடித்துச் சென்றது. பிறகுதான் செங்கல்லாலும் ஓட்டாலும் கட்ட வேண்டும் என்ற கட்டளை பிறந்தது. செங்கல் சூளைகள் எரிந்த இடம் பிரிக்பீல்ட்ஸ் ஆயிற்று. பின்னர் இரயில்வேயில் வேலை செய்த நம்மவர் அங்கே குடியேறினார்கள். 1897இல் படாங்கின் எதிரே அரசாங்க அலுவலகம் எழுந்தது. இன்று சுல்தான் அப்துல் சமாட் கட்டடம் என்று அழைக்கப்படுவது அதுதான். வெள்ளைக்காரன் அதற்குக் கும்மட்டமும் வளைவும் வைத்துக் கட்டினான். அந்த வடிவத்தை எங்கிருந்து கொண்டுவந்தான்? இந்தியாவிலிருந்து. மரம் வெட்டவும் தண்டவாளம் போடவும் ஆள் கொண்டுவந்த அதே இந்தியாவிலிருந்து! கப்பலில் வந்த கும்மட்டத்துக்கு நகரின் நடுவில் நிரந்தர இடம் கிடைத்தது. கப்பலில் வந்த ஆளுக்கு லயத்தில் ஓர் அறை கிடைத்தது. அதுவும் வேலை இருக்கும் வரையில்.

ஈயத்தில் பிறந்த ஊர் ரப்பரில் வளர்ந்தது. வளர்ந்த ஊருக்கு இடம் போதவில்லை. இடம் எங்கே கிடைத்தது? வரைபடத்தை விரித்துப் பாருங்கள். 1952இல் பெட்டாலிங் ஜெயா தொடங்கப்பட்டது. அது 1,200 ஏக்கர் எபிங்காம் ரப்பர் தோட்டம். 1970களின் நடுவில் சுபாங் ஜெயா எழத் தொடங்கியது. அது சீபீல்டு தோட்டம். 1978இல் சிலாங்கூரின் தலைநகரான ஷா ஆலமில் சுங்கை ரெங்கம் தோட்டம் அடங்கிக் கிடக்கிறது. பங்சார் என்னும் செல்வர் குடியிருப்பின் பெயரே புங்கே, கிரிசார் என்ற இரண்டு தோட்ட முதலாளிகளின் பெயர்ச் சேர்க்கை என்பார்கள். தோட்டத்தை வைத்திருந்தவன் பெயர் சாலைப் பலகையில் நிற்கிறது; வெட்டியவன் பெயர் எந்தச் சந்தில் இருக்கிறது என்று தேடிப் பார்த்தோம், கிடைக்கவில்லை. ஜெயா என்றால் வெற்றி. ஊருக்கு ஊர் ஜெயா என்று பெயர் வைத்திருக்கிறார்களே, யார் வென்றார்கள், யார் தோற்றார்கள்?

இரட்டைக் கோபுரத்தை எடுத்துக்கொள்வோம். 452 மீட்டர் உயரம், 88 மாடி. செசார் பெல்லி என்ற கட்டடக் கலைஞர் வரைந்தது. 1998 முதல் 2004 வரை உலகத்திலேயே உயர்ந்த கட்டடம் என்ற பெருமை அதற்கு இருந்தது. பின்னர் தைப்பே முந்தியது. இப்போது 118 மாடியும் 678.9 மீட்டருமாக மெர்டேக்கா 118 நிற்கிறது. உலகில் இரண்டாவது உயரம். நமக்கும் அதைப் பார்த்தால் பெருமைதான், பொய் சொல்வானேன்? ஆனால் இரட்டைக் கோபுரம் நிற்கிற இடம் முன்பு குதிரைப் பந்தயத் திடல். பந்தயக் கழகம் சுங்கை பீசிக்குப் போயிற்று. குதிரைகளுக்குப் புதிய ஓடுதளமும் கிடைத்தது, புதிய லாயமும் கிடைத்தது. லாயத்தில் இருந்த குதிரைக்கு மாற்றிடம் கொடுக்கத் தெரிந்த நாட்டுக்கு, லயத்தில் இருந்த மனிதனுக்குக் கொடுக்க மட்டும் ஏன் தெரியாமல் போயிற்று?

ஏக்கர் கணக்கும் அடிக் கணக்கும்

கணக்கை நம் கிராணிமார் சரிபார்க்கட்டும். தோட்டத்தை ஏக்கர் கணக்கில் வாங்குகிறார்கள். அதில் கட்டிய வீட்டை அடிக் கணக்கில் விற்கிறார்கள். ஓர் ஏக்கருக்கு 43,560 சதுர அடி. அடிக்கு ஒரே ஒரு வெள்ளி விலை ஏறினால் ஏக்கருக்கு 43,560 வெள்ளி ஏறிவிட்டது என்று பொருள். பத்து வெள்ளி ஏறினால் நான்கு இலட்சத்து முப்பத்தையாயிரத்துக்கு மேல். ரோடு, சாக்கடை, மின்சாரம் ஆகிய செலவுகள் போகும். சாலைக்கும் பள்ளிக்கும் நிலம் ஒதுக்க வேண்டும். அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் விலை எப்படி ஏறிற்று? மண் மாறவில்லை, மழை மாறவில்லை. விவசாயம் என்றிருந்த நில வகை கட்டடம் என்று மாற்றி எழுதப்பட்டது. நில அலுவலகத்தில் ஒரு முத்திரை! அந்த முத்திரை விழுந்த நாளில் முதலாளியின் சொத்து பல மடங்காகிறது. தொழிலாளியின் வேலை முடிகிறது. வேலையோடு சேர்ந்து வீடும் முடிகிறது.

வீடு ஏன் முடிகிறது? இங்கேதான் நம் தலைவிதியின் முடிச்சு இருக்கிறது. தோட்டத்து வீடு வேலையோடு கட்டிப்போட்ட வீடு. 1990ஆம் ஆண்டு தொழிலாளர் வீட்டு வசதிச் சட்டம் தண்ணீர், கூரை, அறை அளவு எல்லாம் பேசுகிறது. நல்லது. ஆனால் அது பேசுவது முதலாளி கொடுக்கும் வீட்டின் தரத்தைப் பற்றி. அந்த வீடு யாருக்குச் சொந்தம் என்பதைப் பற்றி அல்ல. நாற்பது ஆண்டு ஒரே கதவைத் திறந்து மூடியவனும் சட்டத்தின் கண்ணில் முதலாளியின் தயவில் குடியிருப்பவனே. அரசாங்கமே நிலத்தை எடுத்தாலும் 1960ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டம், உரிமையாளரின் விருப்பத்தில் குடியிருப்பவனை இழப்பீட்டுக்கு உரியவர் வரிசையில் சேர்க்கவில்லை.

ஆட்குறைப்பு நிதி இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. 1980ஆம் ஆண்டு விதிகளின்படி ஐந்து ஆண்டும் அதற்கு மேலும் வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு இருபது நாள் சம்பளம். முப்பது ஆண்டு மரம் வெட்டியவருக்கு அறுநூறு நாள் சம்பளம். அதாவது இரண்டு ஆண்டு வயிற்றுப்பாட்டுக்குக்கூடக் குறைவு. அது வேலைக்கு ஈடு. வீட்டுக்கு ஈடு எங்கே? தோட்டத்தில் வாடகை இல்லை, கொல்லையில் முருங்கையும் கீரையும் இருந்தன, கோழி இருந்தது, சிலருக்கு மாடும் இருந்தது. பட்டணத்தில் அன்றாடம் காசாக எண்ணிக் கொடுக்க வேண்டிய இத்தனையும் அந்த அறுநூறு நாளுக்குள் எந்த நாளில் அடங்கியிருக்கிறது?

புத்ராஜெயாவுக்கு அடியில்

இனி புத்ராஜெயாவுக்குப் போவோம். 1999இல் பிரதமர் அலுவலகம் அங்கே மாறியது. 2001 பிப்ரவரி முதல் நாள் அது கூட்டரசுப் பிரதேசமாயிற்று. பச்சைக் கும்மட்டம், நான்கு கிலோமீட்டருக்கு மேல் நீண்ட அகன்ற வீதி, விதவிதமான பாலங்கள், மனிதன் வெட்டிய பெரிய ஏரி, அதன் நீரை வடிகட்ட நாணல் சதுப்பு. பூங்கா நகரம் என்கிறார்கள். போய்ப் பார்த்தவர்கள் ஒப்புக்கொள்வார்கள். இந்த மண்ணின் பழைய பெயர் பிராங் பெசார். முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய வெள்ளைக்கார அதிகாரிகள் 1921இல் திறந்த தோட்டம். பெரிய போர் என்பதே அந்தப் பெயரின் பொருள். ரப்பர் உலகத்தில் இந்தத் தோட்டத்துக்குத் தனிப் பெயர் உண்டு. நல்ல பால் தரும் மரத்தைத் தேர்ந்து ஒட்டுக்கட்டும் ஆராய்ச்சி அங்கே நடந்தது. வயதில் மூத்த தோழர்களே, நீங்கள் வெட்டிய பி.பி. 86 நினைவிருக்கிறதா? அந்தப் பி.பி. என்பது பிராங் பெசார்தான். மரத்தின் பெயர் உலகெங்கும் தோட்டப் புத்தகங்களில் ஏறிவிட்டது. அந்த மரத்தடியில் நின்ற மனிதர்களோ?

பிராங் பெசாரிலும் பக்கத்துத் தோட்டங்களிலும் இருந்த ஏறத்தாழ நானூறு குடும்பங்கள் டெங்கில் பக்கத்தில் மலிவு விலை அடுக்குமாடிக்கு மாற்றப்பட்டன. தரை வீடு தருவதாகச் சொல்லித்தான் எங்களை எழுப்பினார்கள் என்பது அவர்கள் பல்லாண்டாக வைத்துவந்த முறையீடு. போன இடத்தில் சுவர் வெடித்ததும் அந்த முறையீட்டோடு சேர்ந்தது. ஆயிரக்கணக்கான ஏக்கரில் ஏரிக்கு இடம் ஒதுக்கினார்கள், பூங்காவுக்கு ஒதுக்கினார்கள், பாலத்தின் கைப்பிடிக்கு எந்த வடிவம் என்று யோசித்து வரைந்தார்கள். நானூறு வீட்டுக்கு ஒரு மூலை வரைய அந்தப் பென்சிலுக்கு மை இல்லாமல் போயிற்று. (பென்சிலுக்கு மை ஏது என்று அச்சுக்கோர்க்கும் தோழர் கேட்கிறார். இருந்தால் மட்டும் வரைந்திருப்பார்களா?)

1998இல் சிப்பாங்கில் திறந்த விமான நிலையத்தை வரைந்தவர் ஜப்பானியக் கலைஞர் கிஷோ குரோகாவா. காட்டுக்குள் விமான நிலையம், விமான நிலையத்துக்குள் காடு என்பது அவருடைய எண்ணம். அப்படியே கட்டடத்தின் நடுவில் ஒரு துண்டுக் காட்டை நட்டும் வைத்தார்கள். பயணிகள் வியக்கிறார்கள். மரத்தை உள்ளே அழைத்துக் குடிவைக்கிற கட்டடக் கலையை நாமும் வியக்கிறோம். மனிதனையும் அழைக்க ஒரு கலை இருக்கக் கூடாதா என்றுதான் கேட்கிறோம்.

சொல்லக்கூடிய மறுப்புகள்

லயம் என்ன சொர்க்கமா என்று கேட்பார்கள். யார் சொன்னது சொர்க்கம் என்று? தகரக் கூரைக்குக் கீழே வெந்தவர்கள் நாம். பொதுக் குழாயடியில் சண்டை போட்டவர்கள் நாம். பக்கத்து வீட்டில் இருமினால் நம் வீட்டுப் பிள்ளை விழித்துக்கொள்ளும். அந்த லயத்தைக் காப்பாற்றுங்கள் என்று நாம் கேட்கவில்லை. அதை இடிக்கும் முதல் கடப்பாரையை நாமே எடுத்துக் கொடுப்போம். எதற்காக இடிக்கிறீர்கள், இடித்த பின் எங்கே போவது என்பதுதான் வழக்கு.

அடுக்குமாடி கொடுத்தோமே என்பார்கள். மக்கள் வீட்டுத் திட்டத்து அடுக்குமாடியில் எழுநூறு சதுர அடி, மூன்று அறை. வீடில்லாதவனுக்கு அது பெரிய உதவி. குறை சொல்ல மாட்டோம். ஆனால் மூன்று தலைமுறை ஒரே கூரையில் இருந்த குடும்பத்தைப் பதினைந்தாவது மாடியில் ஏற்றி, லிப்டு பழுதான நாளில் எழுபது வயதுக் கிழவியைப் படியில் இறக்கிப் பாருங்கள். சாவு விழுந்த வீட்டில் பெட்டியை எப்படி இறக்குவது என்று கூடி நின்று யோசித்ததை நாம் கண்டிருக்கிறோம். தோட்டத்தில் பிள்ளையை ஊரே பார்த்துக்கொண்டது. அங்கே பிள்ளையைப் பார்த்துக்கொள்வது மாடிப்படிக்குக் கீழே கூடும் கூட்டம். பிறகு நம் பையன்களைப் பற்றிப் பத்திரிகையில் பெரிய பெரிய கட்டுரை எழுதுகிறார்கள்.

உலகச் சந்தையை யார் தடுக்க முடியும் என்பது மூன்றாவது பல்லவி. ரப்பர் விலை விழுந்தது, செயற்கை ரப்பர் வந்தது, செம்பனை வந்தது, பிறகு செங்கல் வந்தது, சரி. 1981இல் இலண்டன் பங்குச் சந்தையில் ஒரே காலையில் கத்ரி கம்பெனி நம் நாட்டவர் கைக்கு வந்தது. அந்தச் செய்தி கேட்டு நாமும் மகிழ்ந்தோம். அன்னியத் துரை போனார், உள்ளூர்த் துரை வந்தார். லயத்துக் கதவின் சாவி மட்டும் அதே ஆணியில், ஆபீசிலேயே தொங்கியது. ஆகவே உலகச் சந்தை என்ற பூச்சாண்டியை எல்லாவற்றுக்கும் காட்ட வேண்டாம். நில வகை மாற்றம் இலண்டனில் நடப்பதில்லை. நிலம் மாநில அரசின் அதிகாரம். முத்திரை குத்துகிற கை இங்கேயே இருக்கிறது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை நம் வாசலுக்கு வந்து கும்பிடுகிற கையும் அதுதான்.

முடியாத காரியம் என்பவர்கள் அக்கரையைப் பார்க்கட்டும். 1961 மே 25ஆம் நாள் சிங்கப்பூர் புக்கிட் ஹோ சுவீயில் தீப்பற்றி ஏறக்குறைய பதினாறாயிரம் பேர் வீடிழந்தார்கள். வீட்டு வளர்ச்சிக் கழகம் பிறந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. எரிந்த அதே இடத்தில் கட்டத் தொடங்கி, ஓராண்டுக்குள் முதல் வீடுகளைத் தயாராக்கினார்கள். அங்கேயும் கம்பத்தை விட்டு மனமில்லாமல் மாடியேறியவர்கள் ஏராளம். அந்தக் கதையையும் நாம் மறைக்கவில்லை. ஆயினும் ஓர் ஊரை ஓர் ஆண்டில் மறுபடி குடிவைக்க முடியும் என்பது அன்றே தெரிந்துவிட்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தக் கோபுரங்களைக் கட்டுகிறவன் யார்? வங்காளதேசத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்தவன். வேலைத்தலத்து ஓரத்தில் பலகைக் கொங்சியிலோ இரும்புப் பெட்டியிலோ படுக்கிறான். கட்டடம் முடிந்த மறுநாள் அவன் வேறு வேலைத்தலத்துக்குப் போகிறான். தொழிலாளர் வீட்டுச் சட்டம் தோட்டத்தையும் சுரங்கத்தையும் தாண்டி மற்றத் தொழில்களுக்கும் விரிந்தது 2020 ஜூனில்தான். அவனைப் பார்த்து முகம் சுளிக்கிற நம்மவர் சிலர் இருக்கிறார்கள். அவன் படுத்திருப்பது நம் பாட்டன் படுத்த பாய் என்பதை அவர்கள் மறந்துவிட்டார்கள்.

நம் பங்கும் உண்டு

முதலாளியையும் அரசையும் திட்டிவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது. 1950களில் தோட்டத் துண்டாடல் வந்தபோதே எச்சரிக்கை மணி அடித்தது. துரைமார் விற்றுவிட்டுப் போனார்கள். வாங்கியவர்கள் துண்டு துண்டாக விற்றார்கள். தொழிலாளி தெருவில் நின்றான். அதைக் கண்டுதான் 1960இல் துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால் வெட்டிய காசைச் சேர்த்துத் தொழிலாளியே தோட்டம் வாங்கலாம் என்று காட்டினார். அந்த வழியில் நம் தொழிற்சங்கங்கள் எவ்வளவு தூரம் நடந்தன? இராத்தலுக்கு எத்தனை காசு என்று மேசையைத் தட்டிப் பேசினோம், பேச வேண்டியதுதான். சொந்த வீட்டுத் திட்டம் என்ற பேச்சு எழுந்தபோதெல்லாம் அடுத்த ஒப்பந்தத்தில் பார்க்கலாம் என்று விட்டோம். அடுத்த ஒப்பந்தம் வருவதற்குள் பல இடங்களில் தோட்டமே இல்லை. கிராணிமாரும் குவாட்டர்ஸ் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, இது லயத்துக்காரன் பிரச்சினை என்று இருந்தார்கள். நோட்டீசு வந்தபோது திண்ணைக்கும் சேர்த்தே வந்தது.

நாம் கேட்பது பெரிதல்ல. ஆயிரம் ஏக்கர் தோட்டம் நகரமாகிறது என்று வையுங்கள். ஏக்கருக்குப் பத்துத் தரை வீடு என்று தாராளமாகவே கணக்கிடுங்கள். நூறு குடும்பத்துக்குப் பத்து ஏக்கர். நூற்றில் ஒன்று! அந்தப் பத்து ஏக்கர் அதே தோட்டத்துக்குள் இருக்க வேண்டும். வீடு கட்டி முடித்துத் தொழிலாளி பெயரில் கிராண்ட் எழுதிய பிறகே நில வகை மாற்றம் செல்லும் என்று மாநில அரசு நிபந்தனை போட வேண்டும். வேலையில் இருப்பவர் மட்டுமல்ல, ஓய்வு பெற்றவரும், கணவனை இழந்து லயத்திலேயே தங்கியவரும், கிராணியும், காவல்காரரும் கணக்கில் வர வேண்டும். தமிழ்ப் பள்ளிக்கும் கோயிலுக்கும் இருக்கிற இடமே பட்டாவாக வேண்டும். பள்ளி நிலம் கம்பெனியுடையது என்ற காரணத்தால் பகுதி உதவியிலேயே காலம் தள்ளிய பள்ளிகள் பட்ட பாடு போதும்.

இதைக் கேட்க நேரம் ஒன்று உண்டு. புல்டோசர் வந்த பிறகு கேட்டால் போலீசும் சேர்ந்து வரும். நகரமாவதற்கு முன் உள்ளூராட்சி மன்றம் வட்டார வரைவுத் திட்டம் ஒன்றைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கும். 1976ஆம் ஆண்டுச் சட்டப்படி குறைந்தது நான்கு வாரம் வைக்க வேண்டும். அதற்குள் எழுத்து மூலம் ஆட்சேபம் கொடுக்கலாம். விவசாயத்துக்கு ஒரு நிறம், குடியிருப்புக்கு ஒரு நிறம், தொழிற்பேட்டைக்கு ஒரு நிறம் என்று தீட்டியிருப்பார்கள். உங்கள் தோட்டம் எந்த நிறத்தில் இருக்கிறது என்று போய்ப் பாருங்கள். மொழி விளங்காவிட்டால் படித்த பிள்ளையைக் கூட்டிப் போங்கள்.

கிராணித் தோழர்களே, உங்களுக்கு ஒரு வேலை. நீங்கள் ஆயுள் முழுதும் மற்றவர் பாலைக் கணக்கெழுதினீர்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துக்கொண்டு லயத்துக்குப் போங்கள். கதவு எண், குடும்பத்தார் பெயர், எந்த ஆண்டிலிருந்து இருக்கிறார்கள், எத்தனை தலைமுறை, எத்தனை பேர், கோயில் எந்த ஆண்டுக் கட்டடம், பள்ளியில் எத்தனை பிள்ளைகள், இடுகாட்டில் யார் யார், எல்லாவற்றையும் எழுதுங்கள். பழைய சம்பளச் சீட்டு, பிறப்புப் பத்திரம் இருந்தால் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வீட்டாரிடமும் கையெழுத்தோ கைநாட்டோ வாங்குங்கள். மூன்று நகல் எடுத்து ஒன்றைச் சங்கக் கிளைச் செயலாளரிடம் கொடுங்கள், ஒன்றைச் சட்டமன்ற உறுப்பினரிடம் கொடுத்துப் பெற்றதற்குக் கையொப்பம் வாங்குங்கள், ஒன்றை உங்கள் டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டுங்கள்.